கன்னத்தில் ஒரு சதுரம்

அத்தியாயம் 5

"இந்தத் திருடன் ஒரு மகானுங்க மேடம்," என்றான் அஃப்சல், மேசை டிராயருக்குள் கழுத்துவரை தலையை விட்டுக்கொண்டு. "செண்ட் பாட்டில் இருக்குது. ஹெட்செட் இருக்குது. பாதி தின்ன முறுக்கு பாக்கெட் கூட அப்படியே இருக்குது. முறுக்கைத் தொடாத திருடனை நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"நீ இன்னும் அவனைப் பாக்கவே இல்லை," என்றாள் இந்துமதி. "தலையை வெளியே எடு. முறுக்கை உள்ளேயே வெச்சுட்டு எடு."

அஃப்சல் தலையை எடுத்தான். முறுக்கில் ஒன்று குறைந்திருந்தது. இந்துமதி அதைக் கவனித்தாள். ஆனால் அந்தத் திருட்டுக்கு யாரும் அவளுக்கு அட்வான்ஸ் தரவில்லை.

இந்துமதி டிடெக்டிவ் ஏஜென்சியைப் பற்றித் திருப்பூரில் தெரியாதவர்கள்தான் அதிகம். ஊத்துக்குளி ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, ஏறுகிறவர் தலையில் தவறாமல் இடிக்கிற மாடிப்படியின் முடிவில் அது இருக்கிறது. அங்கே வருவதெல்லாம் கல்யாண கேஸ்கள். பையன் குடிப்பானா, பெண்ணுக்கு ஏற்கெனவே காதல் உண்டா, சம்பந்தி வீட்டார் சொல்கிற தென்னந்தோப்பு உண்மையிலேயே காங்கேயத்தில் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்வதோடு சரி. அஃப்சல் அங்கே வருமுன் பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டராக இருந்தவன். அயர்ன் பாக்ஸை விட்டுவிட்டு ஓடி வந்தும், அவன் வாய் மட்டும் இன்னும் ஆவி விட்டுக்கொண்டே இருந்தது.

ஆகவே வெள்ளிமலை நிட்ஸ் முதலாளி சுப்பையன் காலையில் போன் செய்து, "எங்க கம்பெனியில ஒரு திருட்டுங்க, நீங்கதான் வந்து கண்டுபிடிச்சுக் குடுக்கோணும்" என்றபோது இருவருக்கும் தலைகால் புரியவில்லை. நிஜமான திருட்டு! இந்துமதி புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

திருடுபோனது ஒரு மாத்திரை டப்பா. பறிகொடுத்தவள் மஹ்னூர், அந்தக் கம்பெனியின் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையரிடம் ஆர்டர் பேசி, சாம்பிள் அனுப்பி, சரக்கு கப்பல் ஏறும்வரை அதன் பின்னாலேயே ஓடுகிற வேலை அவளுக்கு. இப்போது திறந்து கிடந்த டிராயரையே வெறித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன மாத்திரைங்க, தலைவலிக்கா?" என்றான் அஃப்சல்.

"வீக்கத்துக்குங்க. எனக்கு ஒரு வியாதி இருக்குது. திடீர்னு உடம்புல எங்கயாச்சும் வீங்கிக்கும். ஒரு நாளைக்குக் கை, ஒரு நாளைக்கு உதடு. ரத்தத்துல இருக்க வேண்டிய ஒரு புரதம் எனக்குக் கம்மிங்க. அம்மாகிட்ட இருந்து வந்தது. அலர்ஜின்னு நெனச்சு எத்தனையோ ஊசி போட்டாங்க, ஒண்ணுக்கும் கேக்கலை."

"உதடு வீங்கறதெல்லாம் ஒரு வியாதியாங்க? எங்க மச்சான் ஒருத்தனுக்குப் பொறந்ததுல இருந்தே..."

மஹ்னூர் தன் போனைத் திருப்பிக் காட்டினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு முகம். கண் இரண்டும் கோடாகிப் போய், கழுத்தும் முகவாயும் ஒன்றாகி, வாய்க்குள் குழாய் இறக்கி வைத்திருந்தார்கள். அது மஹ்னூர் என்று அவள் சொல்லித்தான் தெரிந்தது.

"இது தொண்டையில வந்தப்ப எடுத்ததுங்க," என்றாள்.

மச்சான் கதை அங்கேயே நின்றது. அஃப்சலுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

மிச்சத்தை மஹ்னூர் சுருக்கமாகச் சொன்னாள். இந்த வீக்கத்துக்குப் புதிதாக ஒரு மாத்திரை வந்திருக்கிறது. அது வேலை செய்கிறதா என்று பார்க்க உள்ளூர் ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர் தரணீதரன் ஆராய்ச்சி நடத்துகிறார். சேருகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று டப்பா. ஒவ்வொரு முறை வீங்கும்போதும் வரிசைப்படி ஒன்று. மூன்றில் சில வெறும் மாவு. எது மாவு, எது மருந்து என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது.

"முதல் டப்பா ஒண்ணுமே பண்ணலை. ரெண்டாவது போட்டேன், காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள வீக்கம் வத்த ஆரம்பிச்சிருச்சு. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிக் குதிச்சேனுங்க. மூணாவதை மூணு நாளைக்கு முந்தி டிராயர்ல பாத்தேன், இப்பக் காணோம்."

"போனா இன்னொண்ணு குடுக்க மாட்டாங்களா?"

"சரிபார்க்கறவங்க இன்னைக்குச் சாயங்காலம் பெங்களூர்ல இருந்து வர்றாங்க. டப்பா எங்கன்னு கேப்பாங்க. தெரியாதுன்னு சொன்னா, நான் யாருக்கோ வித்துட்டேன்னுதான் நெனப்பாங்க. என்னை ஆராய்ச்சியில இருந்து எடுத்துருவாங்க. மூணையும் முடிச்சாத்தானுங்க அடுத்த கட்டம். அதுல எல்லாருக்கும் நெச மருந்து, வருஷக்கணக்குல." மஹ்னூர் போனை அணைத்தாள். "அடுத்த தடவ தொண்டையில வரும்போது கையில மாத்திரை இருக்கோணும். எனக்கு அவ்வளவுதானுங்க வேணும்."

அப்போது கதவைத் திறந்துகொண்டு சுப்பையன் வந்தார். வெள்ளை வேட்டி, நரைத்த முள்தாடி, வலது கன்னத்தில் ரொட்டித் துண்டு அளவுக்கு ஒரு பிளாஸ்டர்.

"காலையில சவரம் பண்ணையில பிளேடு இழுத்துருச்சுங்க," என்று கேட்காமலே சொன்னார். "வந்த சோலி எப்படிப் போகுதுங்க? போலீசு கீலீசு எல்லாம் வேண்டாமுன்னு நாந்தான் இந்தக் கண்ணுகிட்டச் சொன்னேன். நாளைக்கு எம்பையன் ராஜவேலுக்கு நிச்சயம். ஊடு நெறைய ஒறம்பரை, சொந்தக்காரங்கல்லாம் வந்து கெடக்குது. கெடைக்கலைன்னாலும் பரவால்லீங்க. நீங்க மெதுவாவே தேடுங்க."

மெதுவாகத் தேடச் சொன்ன முதல் கிளையண்ட் அவர்தான்.

அவர் போனதும் இந்துமதி கேட்டாள்: "இந்த ரெண்டு மூணு நாள்ல கம்பெனியில வேற ஏதாச்சும் காணாம போயிருக்குதா?"

"டெஸ்டிங் ரூம்ல ஒச்சாயி அக்கா முந்தாநாள்ல இருந்து கத்திக்கிட்டு இருக்காங்க," என்றாள் மஹ்னூர்.

டெஸ்டிங் ரூமில் வாஷிங் மெஷின் ஒன்று தடதடத்துக்கொண்டிருந்தது. ஒச்சாயி அதைவிடச் சத்தமாக இருந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து இந்த அறையை ஆளுகிறவள்.

"ஆமாய்யா, காணாமத்தேன் போச்சு! சின்னத் தகடும், பேனாவும்! யாரு எடுத்தாகன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கிறாக."

"என்ன தகடுங்க?"

"துணி சுருங்குதான்னு பாக்குற தகடு. துணி மேல வச்சு, அந்த நீலப் பேனாவால ஒரு சதுரம் போடுவோம். தொவைச்சுக் காயப்போட்டு, சதுரம் எம்புட்டு சின்னதாச்சுன்னு அளப்போம். பெரிய தகடு இருக்கு. காணாமப் போனது சின்னது, அஞ்சு சென்டிமீட்டரு. கொழந்தப்புள்ள உடுப்புக்கு."

"பேனா மை தொவைக்கறப்ப போயிராதா?" என்றாள் இந்துமதி.

"போனா அப்பறம் எதைத் தாயி அளக்குறது? பத்துத் தடவ தொவைச்சாலும் போகாது. கையில பட்டா தோலு உரிஞ்சாத்தேன் உண்டு."

மேசைமேல் வெள்ளைத் துணித் துண்டுகள் ஜோடி ஜோடியாகக் கிடந்தன. அஃப்சல் ஒன்றை எடுத்துக் கை துடைக்கப் போனான். ஒச்சாயி அவன் மணிக்கட்டில் ஒன்று வைத்தாள்.

"ஏய், அது தொவைக்காத பீசுய்யா! ஒரே ரோலுல ரெண்டு வெட்டி, ஒண்ணத் தொவைச்சு ஒண்ண அப்புடியே வச்சிருப்போம். பக்கத்துல வச்சுப் பாத்தாத்தேன் என்ன ஆச்சுன்னு தெரியும். அதுல போயி முறுக்கு எண்ணையத் தேய்க்கிற!"

வெளியே வராந்தாவில் அஃப்சல் மணிக்கட்டை ஊதிக்கொண்டே நடந்தான். "மாத்திரையும் தகடும் ஒரே சமயத்துல போயிருக்குது மேடம். ரெண்டையும் எடுத்தவன் ஒரே ஆள்னு வெச்சுக்குங்க. என்ன பண்ணியிருப்பான்? மாத்திரையை முழுங்கிட்டு, தான் சுருங்கறமான்னு அளந்து பாத்திருப்பான்!"

இந்துமதி நின்றுவிட்டாள்.

"இன்னொரு தடவ சொல்லு."

"ஜோக்குங்க மேடம்."

"இல்லை அஃப்சல். கேஸே அதுதான். இந்தக் கம்பெனியில மஹ்னூர் மாதிரியே வீங்கற ஆள் இன்னொருத்தர் இருக்காரு. வெளியே சொல்லாம வெச்சிருக்காரு. மாத்திரை மருந்தா மாவான்னு தெரியாது. பனியன் கம்பெனிக்காரங்க டெஸ்ட் பண்ணாம எந்தச் சரக்கையாவது பாஸ் பண்ணுவாங்களா? வீங்கின இடத்துல சதுரம் போட்டு, மாத்திரையை முழுங்கி, சதுரம் சின்னதாகுதான்னு பாத்திருக்காங்க. அந்த மை போகாது. யார் மேல சதுரம் இருக்குதோ, அவர்தான் நம்ம ஆள்."

அஃப்சலுக்கு ஒரு நிமிடம் பெருமை தாங்கவில்லை. இனிமேல் ஜோக்குக்குத் தனியாகச் சம்பளம் கேட்கலாமா என்று யோசித்தான்.

ஆனால் அத்தனை பேர் வேலை செய்கிற கம்பெனியில் ஒவ்வொருவர் முகத்தையும் கையையும் எப்படிப் பார்ப்பது? இந்துமதிக்கு ஒரு யோசனை வந்தது. சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, மிடுக்காக, "நாங்க ஆடிட்டுக்கு வந்திருக்கோம். எல்லாரையும் ஒரு சுத்து பாக்கணும்" என்றாள்.

திருப்பூரில் அந்த வார்த்தையை அவள் சொல்லியிருக்கக் கூடாது.

சூப்பர்வைசர் வெளிறிப்போய் ஓடினார். பையர் கம்பெனி ஆட்கள் திடீரென்று ஆடிட்டுக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அங்கே கடைசி ஹெல்பர்வரை மனப்பாடம். வழியை மறித்திருந்த அட்டைப் பெட்டிகள் மாயமாயின. தீயணைப்பு வாளிகளில் மணல் வந்து விழுந்தது. இந்துமதியும் அஃப்சலும் தையல் ஹாலுக்குள் நுழைந்தபோது, கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒருவர் பாக்கியில்லாமல் தலையில் தொப்பி, கையில் உறை, மூக்குவரை மாஸ்க்.

"நல்லா மாட்டினோம்," என்றான் அஃப்சல். "மூஞ்சி பாக்க வந்தோம், ஊரே மூஞ்சிய மூடிக்கிச்சு."

ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்த வடநாட்டுப் பையன் ஒருவனிடம் போய், தனக்குத் தெரிந்த அத்தனை ஹிந்தியையும் திரட்டி, "பையா, மாஸ்க் நிகாலோ" என்றான்.

அந்தப் பையன் மெஷினை நிறுத்திவிட்டுப் பணிவாகச் சொன்னான்: "முடியாதுங்கண்ணா. ஆடிட் முடியற வரைக்கும் கழட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நீங்க வேணா ஆபீஸ்ல கேட்டுக்கோங்க."

அஃப்சல் தோற்றுத் திரும்பினான். இந்துமதி ஹாலின் நடுவே இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"இந்தக் கட்டடத்துல மாஸ்க் போடாத ஆளே கெடையாது," என்றாள் எரிச்சலோடு.

"ஒருத்தர் இருக்காரு மேடம். முதலாளி. அவரு மூஞ்சியை மூடலை, கன்னத்தை மட்டும் மூடி..."

சொல்லி முடிக்குமுன் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சுப்பையன் தன் அறையில் நிச்சயதார்த்தச் சமையல்காரரிடம் போனில் ஜிலேபி எண்ணிக்கை பேசிக்கொண்டிருந்தார். இந்துமதி எதிரே உட்கார்ந்து, அவர் போனை வைக்கும்வரை காத்திருந்தாள்.

"காலையில சவரம் பண்ணும்போது வெட்டிக்கிட்டேன்னு சொன்னீங்களே."

"ஆமாங்க."

"பிளாஸ்டரைச் சுத்தி மூணு நாள் தாடி இருக்குதுங்களே. எந்த இடத்தைச் சவரம் பண்ணினீங்க?"

சுப்பையன் கன்னத்தைத் தடவினார். தாடி கையில் குத்தியது. "அது வந்துங்க... ஆரம்பிச்ச ஒடனே வெட்டிருச்சுங்க. அப்படியே உட்டுப்போட்டேன்."

"பிளாஸ்டர் மூலையில நீல மை தெரியுதுங்களே. உங்க ரத்தம் நீலமா?"

சுப்பையனின் கை பிளாஸ்டரை மூடப் போனது. அஃப்சல் மிகுந்த மரியாதையோடு, "மன்னிச்சுக்கங்க முதலாளி" என்று சொல்லி, பிளாஸ்டரைச் சர்ரென்று உரித்தான். பாதி தாடியும் அதோடு வந்தது. அவர் அலறியது வெளியே மாஸ்க் போட்டிருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

அங்கே, வெள்ளிமலை நிட்ஸ் முதலாளியின் வலது கன்னத்தில், பளிச்சென்று ஒரு நீலச் சதுரம்.

"இது எப்படீங்க வந்துச்சு?" என்றாள் இந்துமதி.

"பேனா எழுதுதான்னு பாத்தனுங்க."

"கன்னத்துலயா?"

"பேப்பரு கைக்கு ஆம்படலீங்க."

இந்துமதி கைப்பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்தாள். அவள் குரலில் வெற்றி ததும்பியது. "தகடு அஞ்சு சென்டிமீட்டர். வீங்கின கன்னத்துல போட்ட சதுரம் வீக்கம் வத்தினதும் சுருங்கியிருக்கும். நாலோ, நாலரையோதான் இருக்கும். அஃப்சல், அளந்து சொல்லு."

அஃப்சல் அளந்தான். மறுபடி அளந்தான். குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை கூட அளந்தான்.

"அஞ்சு," என்றான் மெல்ல.

"சரியா பாரு."

"எல்லாப் பக்கமும் அஞ்சுதாங்க மேடம். இவரு வீங்கவும் இல்லை, வத்தவும் இல்லை."

சுப்பையனுக்கு உயிர் திரும்பி வந்தது. எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். "ஏனுங்க, எனக்கொரு சந்தேகம். நானே திருடிப்போட்டு, என்னையப் புடிக்கச் சொல்லி நானே ஆள் வெப்பனுங்களா? போங்க, போயிச் சாப்பிடுங்க. ஜிலேபி போட்டிருக்குது."

இந்துமதியின் முகம் தொங்கிப்போனது. புதுச்சேலையின் மடிப்புகூடக் கலைந்துவிட்டது போலிருந்தது. அவளை இப்படிப் பார்க்க அஃப்சலுக்குப் பொறுக்கவில்லை. ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று ஒரு ஜோக்கைத் தேடினான். போனில் பார்த்த அந்த வீங்கிய முகம்தான் ஞாபகம் வந்தது. சாயங்காலம் பெங்களூர்க்காரர்கள் வந்துவிடுவார்கள்.

கதவுவரை போனவன், கைப்பிடியில் கை வைத்தபடி நின்றான். வலிக்கிற மணிக்கட்டைப் பார்த்தான். பிறகு திரும்பினான்.

"முதலாளி," என்றான். "தொவைச்ச பீஸ் எங்கீங்க?"

"என்ன பீசுங்க?"

"உங்க கன்னத்துல இருக்கறது தொவைக்காத பீஸுங்க. வெச்சுப் பாக்கறதுக்கு. தொவைக்காத பீஸ் ஒண்ணு இருந்தா, தொவைச்ச பீஸும் ஒண்ணு இருக்கோணும். அதுவும் ஒரே ரோல்ல வெட்டினதா இருக்கோணும். நானும் ஆறு வருஷம் பனியன் கம்பெனியில வெந்தவனுங்க."

சுப்பையன் நின்ற நிலையிலேயே நாற்காலியில் விழுந்தார். இந்துமதி ஒரே நொடியில் பழைய இந்துமதி ஆனாள்.

"உங்க ரோல்ல வெட்டின துண்டு இந்த ஊர்ல ஒண்ணுதானே இருக்குது," என்றாள். "மாப்பிள்ளை எங்கீங்க?"

கம்பெனிக்குப் பின்னாலேயே வீடு. வாசலில் பந்தல், உள்ளே ஒறம்பரைக் கூட்டம், சமையல் கட்டில் எண்ணெய் கொதிக்கிற வாசம். அத்தனை பேரையும் தாண்டி, சுப்பையன் அவர்களை மாடி அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைத் தட்டினார். ராஜவேல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குள்ளேயே மாஸ்க்.

"கழட்டு சாமி," என்றார் சுப்பையன். "தெரிஞ்சு போச்சு."

கழற்றினான். நல்ல லட்சணமான பையன். வலது கன்னத்தில் அப்பாவுக்கு இருந்த அதே இடத்தில் அதே நீலச் சதுரம். இந்துமதி டேப்பை நீட்டினாள். நாலு சென்டிமீட்டர்.

"நிச்சயத்துக்கு போட்டோ எடுப்பாங்கன்னு பல் டாக்டர்கிட்டப் போயி சுத்தம் பண்ணிக்கிட்டு வந்தேனுங்க," என்றான் ராஜவேல். "சாயங்காலம் உதடு வீங்குச்சு. அப்புறம் கன்னம். அப்புறம் என் குரலே மாற ஆரம்பிச்சிருச்சு. எனக்கு என்ன நடக்குதுன்னே தெரியலைங்க."

"எனக்குத் தெரிஞ்சுது," என்றார் சுப்பையன். கட்டில் ஓரத்தில் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்கப்பாரு அப்படித்தானுங்க போனாரு. நல்லாப் பேசிக்கிட்டு இருந்தவரு. மறுநாக் காலையில இல்லை. எனக்கே ரெண்டு தடவ கை வீங்கியிருக்குது. யாருகிட்டயும் சொன்னதில்லை. அன்னைக்கு இவன் குரல் மாறவும் எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. மஹ்னூர் கண்ணு ரெண்டாவது டப்பா பத்திச் சொல்லிக் குதிச்சது ஞாபகம் வந்துச்சு. கம்பெனிச் சாவி எங்கிட்டத்தானே இருக்குது."

"மாத்திரையை எடுக்கறப்ப, போற வழியில தகட்டையும் எடுத்தீங்களா?" என்றான் அஃப்சல் நம்ப முடியாமல்.

"டெஸ்ட் பண்ணாம எப்படிங்க?"

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே!"

"நிச்சயத்தை வெச்சுக்கிட்டா? பரம்பரை வியாதின்னு ஒத்த வார்த்தை வெளிய போனா, பொண்ணு ஊட்டுக்காரங்க வந்த வழியே திரும்பிப் போயிருவாங்க."

"அப்புறம் எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றாள் இந்துமதி.

சுப்பையன் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு போலீசுக்குப் போறேன்னுச்சுங்க. அதுக்கு முந்தி ஒரு ஆளை வெச்சரலாமுன்னு நாலு எடத்துல விசாரிச்சேன். உங்களை வெச்சா ஒண்ணுமே கண்டுபிடிக்க மாட்டீங்கன்னு எல்லாருமே ஒட்டுக்காச் சொன்னாங்க."

இந்துமதி தன் புதுச்சேலையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள். அஃப்சல் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். வாழ்க்கையில் முதல்முறையாக, கைக்கு வந்த ஒரு ஜோக்கை அவன் வேண்டாமென்று விட்டுவிட்டான்.

ராஜவேல் தலையணைக்கு அடியிலிருந்து காலி டப்பாவை எடுத்தான். "இது மஹ்னூர் அக்காவோட டப்பாவாப்பா? டாக்டர் குடுத்ததுன்னு சொன்னீங்க?"

சுப்பையன் ஆமென்று தலையசைத்தார்.

"அவங்க மாத்திரையைத் தின்னுபோட்டு நான் மாப்பிள்ளையா உக்கார மாட்டேனுங்க," என்று எழுந்தவன், டாக்டரிடம் உண்மையைச் சொல்ல, மாஸ்க்கைக்கூட எடுக்காமல் படியிறங்கினான்.

கன்னத்தில் நீலச் சதுரத்தோடு மாப்பிள்ளை பந்தலைத் தாண்டி ஓடுகிறான், பின்னாலேயே அதே சதுரத்தோடு அப்பாவும் ஓடுகிறார் என்றால் ஒறம்பரைக் கூட்டம் சும்மா இருக்குமா? இரண்டு வேன் நிறைய ஆட்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வந்தார்கள். அப்போதுதான் பொங்கலூரிலிருந்து வந்து இறங்கிய பெண்ணின் அப்பாவும், கையில் பழத்தட்டோடு, எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமலே கூட்டத்தோடு வந்து சேர்ந்தார்.

டாக்டர் தரணீதரன் முதலில் ராஜவேலின் வாயைத் திறக்கச் சொல்லி, தொண்டையில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களைப் பார்த்தார். காலி டப்பாவை வாங்கி, அதன் எண்ணைச் சரிபார்த்து, நடந்ததை முழுக்கக் கேட்டார். இந்துமதி கையோடு கூட்டி வந்திருந்த மஹ்னூர் மூலையில் கைகட்டி நின்றாள். அஃப்சல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி," என்றார் டாக்டர். "பக்கத்து ரூம்ல பெங்களூர்ல இருந்து வந்தவங்க இருக்காங்க. பேசிட்டு வர்றேன்."

அவர் திரும்பி வரக் கால் மணி நேரம் ஆயிற்று. வந்து, மஹ்னூரைப் பார்த்து மட்டும் சொன்னார்: "டப்பா எங்க போச்சு, யார் சாப்பிட்டாங்கன்னு தெரிஞ்சதால ஒரு பிரச்சினையும் இல்லம்மா. உன் மேல தப்பில்லைன்னு எழுதிட்டாங்க. மாத்து டப்பா வரும். நீ ஆராய்ச்சியில இருக்கே."

மஹ்னூர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அஃப்சலுக்குத் தொண்டையில் என்னவோ அடைத்தது. தனக்கும் அந்த வியாதி வந்துவிட்டதோ என்றுகூட ஒரு கணம் பயந்தான்.

சுப்பையன் மெல்லத் தலையை நீட்டினார். "டாக்டருங்க, ஒரே ஒரு சந்தேகம். நான் எடுத்த டப்பா மருந்துதானுங்களே? அஞ்சு நாலாயிருச்சு. இருவது பர்சன்ட் சுருக்கம்!"

"எனக்குத் தெரியாது."

"உங்களுக்கே தெரியாதுங்களா?"

"யாருக்கும் தெரியாது. இந்த வீக்கம் ஒரு மருந்தும் இல்லாமலே ரெண்டு மூணு நாள்ல தானா வத்திப் போகும். தொண்டையை அடைக்காம இருந்தா."

"அப்ப நான் எடுத்தது நல்ல சரக்கா, செகண்ட்ஸான்னு..."

"மாவாவும் இருந்திருக்கலாங்க," என்றார் டாக்டர். "குரல் மாறின பையனை ஊட்டுல உக்கார வெச்சு, கையில மாவைக் குடுத்துட்டு, பக்கத்துல ஸ்கேல் வெச்சுக்கிட்டு நீங்க அளந்துக்கிட்டு இருந்திருக்கலாம்."

சுப்பையன் மகனைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். சதுரம் போகவில்லை.

"கண்ணு," என்றார் மஹ்னூரிடம். "உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும்..."

"நீங்க கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேன் சார்," என்றாள் மஹ்னூர். கோபம் இருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை. "ஆனா நானே உங்க பையனைக் கையப் புடிச்சு இங்க இழுத்துட்டு வந்திருப்பேன். அந்த ராத்திரியே. எனக்குத் தெரியும் சார், மூச்சு நிக்கறது எப்படி இருக்கும்னு."

சுப்பையன் அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

டாக்டர் ராஜவேலுக்கு ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, சுப்பையனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்ப எனக்கு முழுசாச் சொல்லுங்க. உங்க குடும்பத்துல யார் யாருக்கு இது இருந்துச்சு? யாரையும் விடாமச் சொல்லணும். அவங்க பிள்ளைங்களையும் நான் பாக்கணும்."

அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அந்தப் பக்கம் தாழ்வாரம் முழுக்க ஒறம்பரை. முன்வரிசையில் பெண்ணின் அப்பா, பழத்தட்டைப் பிடித்தபடி, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். சுப்பையன் அவரைப் பார்த்தார். அவரும் பார்த்தார்.

அஃப்சல் ஓசையில்லாமல் போய்க் கதவை இழுத்துச் சாத்தப் போனான்.

"சாத்தாதீங்க தம்பி," என்றார் சுப்பையன். அந்தக் கூட்டத்தில் அவர் தம்பி பிள்ளைகள் நின்றார்கள், தங்கை பேரன் நின்றான். "அவிங்களுக்கும் கேக்கட்டும்."

பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, தாழ்வாரத்தின் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி, தன் அப்பாவின் பெயரிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.